ராப் ஸ்டார்க் முட்டாளா? புத்தகத்தில் அவன் எடுத்த முடிவும் தொடரில் அவன் எடுத்த முடிவும்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரைப் பார்த்து முடித்துவிட்டு இப்போதுதான் அதற்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் புத்தகங்களுக்குள் நுழைகிற ஒருவரின் கேள்வி இது: வடக்கின் இளம் ராஜா ராப் ஸ்டார்க் ஒரு பெண்ணின் மேல் வந்த ஆசைக்காகக் கொடுத்த வாக்கை மீறி, படையையும் பெற்ற தாயையும் சேர்த்துப் பலிகொடுத்த முட்டாள்தானே? இதைச் சொன்னால் புத்தகம் படித்தவர்கள் ஏன் அப்படிக் கொதிக்கிறார்கள்? அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸ், டெனேரிஸ் பற்றிப் பேசினாலும் இதே ரகளைதான். யார் பக்கம் நியாயம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். தொடரில் வரும் ராப் பற்றி நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. புத்தகத்து ராப் பற்றி அதையே சொன்னால் அது அநியாயம். ஆளின் பெயர் ஒன்று, கல்யாணத்தால் கெட்டான் என்பது ஒன்று, செத்த இடமும் ஒன்று. ஆனால் அவன் எடுத்த முடிவு இரண்டிலும் வேறு. இந்தக் கதையை வைத்து நடக்கிற சண்டைகளில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, இரண்டு வேறு முடிவுகளுக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பார்கள். இனி வருவதில் புத்தகங்களின் திருப்பங்கள் நிறைய உடையும், அதனால் புதிதாகவே படிக்க வேண்டும் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானது. போருக்குப் போகும் ராபின் படை ஆற்றைக் கடக்க, வால்டர் ஃப்ரே என்ற பிரபுவின் பாலம் வேண்டும். அதற்கு விலையாக, ஃப்ரேயின் வீட்டுப் பெண் ஒருத்தியை ராப் மணப்பான் என்று அவன் தாய் கேட்லின் பேசி முடிக்கிறாள். ராப் ஒப்புக்கொள்கிறான். பிறகு வேறு ஒருத்தியை மணக்கிறான். சமாதானம் செய்ய மாமன் எட்மியூரை மாப்பிள்ளையாக அனுப்புகிறார்கள், அந்தக் கல்யாணப் பந்தலிலேயே எல்லோரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள்.

தொடரில் அந்த ‘வேறு ஒருத்தி’ டாலிசா. வொலாண்டிஸ் நகரத்துப் பெண், போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். இருவரும் பேசுகிறார்கள், பழகுகிறார்கள், காதல் வளர்கிறது. 2012-இல் வந்த இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்லின் மகனை உட்காரவைத்து, நானும் உன் அப்பாவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது மெல்ல மெல்லக் கட்டி எழுப்பியது என்று எடுத்துச் சொல்கிறாள். வால்டர் ஃப்ரே ஆபத்தான ஆள் என்றும் எச்சரிக்கிறாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகும் அவன் போய் டாலிசாவை மணக்கிறான். பெற்ற தாய் இவ்வளவு புத்தி சொல்லியிருந்தும் இப்படிச் செய்தானே என்று பார்ப்பவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

புத்தகத்தில் டாலிசா என்று யாரும் இல்லை. அங்கே இருப்பவள் ஜெய்ன் வெஸ்டர்லிங், ராபின் எதிரிகளான லானிஸ்டர்களுக்குக் கட்டுப்பட்ட ஒரு நொடித்துப்போன பிரபுக் குடும்பத்துப் பெண். ராப் அவர்களுடைய ‘கிராக்’ கோட்டையைத் தாக்கிப் பிடிக்கிறான். பிடிக்கும்போது கையில் ஓர் அம்பு. முதலில் சாதாரணக் காயமாகத்தான் தெரிகிறது, அப்புறம் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறுகிறது. ஜெய்ன்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் சொந்தக் கோட்டையான வின்டர்ஃபெல்லிலிருந்து செய்தி வருகிறது: தம்பிகள் பிரானும் ரிக்கனும் கொல்லப்பட்டார்கள், கொன்றவன் கூடவே வளர்ந்த தியான். அன்றிரவு ஜெய்ன் அவனுக்கு ஆறுதலாக இருக்கிறாள், எல்லை மீறிப் போய்விடுகிறது. மறுநாளே ராப் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவனுக்கு வயது 16-கூட நிரம்பியதா என்பது சந்தேகம்.

இப்போது அவன் முன்னால் இருந்த கேள்வியைப் பாருங்கள். ஃப்ரேக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் இந்தப் பெண்ணின் மானம் போகும். இவள் மானத்தைக் காப்பாற்றினால் தன் வாக்கு போகும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு தப்பைச் சுமந்தே ஆக வேண்டும். அவன் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு அவள் பெயரைக் காப்பாற்றுகிறான். ராஜா என்ற முறையில் அது மோசமான முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா நெட் ஸ்டார்க் வளர்த்த பையன் வேறு என்ன செய்திருப்பான்? தொடரில் ஆசைக்கும் கடமைக்கும் நடுவில் நிற்கிற ராப், புத்தகத்தில் இரண்டு கடமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். தர்மசங்கடம் என்று நாம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஜான் ஸ்னோவையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இது என் வாசிப்பு, புத்தகம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராப், ஜான் என்ற ‘முறைதவறிப் பிறந்த’ சகோதரனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். அந்தப் பையனைத் தன் அம்மா எப்படிப் பார்த்தாள், சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எங்கே இடம் கிடைத்தது என்பதையெல்லாம் தினமும் பார்த்தவன். அப்பா எங்கேயோ போருக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைக் கைவிட்டு வந்ததால் வந்த வினை இது என்றுதான் அவனுக்குத் தெரியும். அதே நிலைமை தனக்கு வந்தபோது, அப்பா செய்த தப்பைத் தான் செய்யக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் நெட் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை, ஜான் அவர் பிள்ளையே இல்லை என்று தொடர் 2016-இல் காட்டிவிட்டது. புத்தகங்கள் இன்னும் அதைத் திறந்து சொல்லவில்லையென்றாலும் அங்கேயும் குறிப்புகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. அப்படியானால், அப்பா செய்யாத ஒரு பாவத்துக்கு மகன் பரிகாரம் செய்யப்போய் உயிரை விட்டிருக்கிறான். இதை முதன்முதலில் கோர்த்துப் பார்த்தபோது எனக்கு அந்தப் பகுதியை உடனே மறுபடி படிக்க வேண்டும்போல் இருந்தது.

இதைவிட முக்கியமான இன்னொன்று, பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போவது. தம்பிகள் செத்தார்கள் என்ற அந்தச் செய்தி பொய். பிரானும் ரிக்கனும் வின்டர்ஃபெல் நிலவறைக் கல்லறைக்குள் ஒளிந்திருந்தார்கள். தியான் கொன்றது ஒரு மாவு ஆலைக்காரனின் இரண்டு பிள்ளைகளை. புத்தகத்தில் அந்தப் பொய்ச் செய்தி ஒரே சமயத்தில் இரண்டு இடங்களைத் தாக்குகிறது. கிராக் கோட்டையில் மகன் உடைந்துபோய் ஜெய்னிடம் ஆறுதல் தேடுகிறான். தன் பிறந்த வீடான ரிவர்ரன் கோட்டையில் தாய் அதே செய்தியைக் கேட்டு, எனக்கு மிச்சமிருப்பது இரண்டு பெண் பிள்ளைகள்தான் என்று நிலவறைக்கு இறங்கிப் போகிறாள். சிறைக்குள் இருக்கும் ஜேமி லானிஸ்டரிடம் பேசுகிறாள், கடைசியில் பிரியன் என்ற பெண் வீரரிடம் வாளைக் கேட்டு வாங்குகிறாள். சான்சாவையும் ஆர்யாவையும் திருப்பி அனுப்புவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவனை விடுவிக்கிறாள். ஸ்டார்க் குடும்பத்தை அழித்த இரண்டு பெரிய தப்புகள், தாய் செய்தது ஒன்று, மகன் செய்தது ஒன்று. இரண்டுக்கும் வேர் ஒரே பொய்.

அப்புறம் ராப் ரிவர்ரனுக்குத் திரும்புகிறான். அரசனைக் கேட்காமல் எதிரியை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காகக் கேட்லின், சாகக் கிடக்கும் தன் அப்பாவின் அறையிலேயே காவலில் இருக்கிறாள். எல்லோர் முன்னாலும் மகன் அவளை மன்னிக்கிறான். பாசத்தால் செய்தாய், புரிகிறது, பாசம் எப்போதும் புத்தியோடு நடப்பதில்லை என்கிற மாதிரி பேசுகிறான். இவ்வளவு சுலபமாக மன்னிக்கிறானே என்று கேட்லினுக்குள் ஒரு சந்தேகம் தட்டுகிறது. அடுத்த நிமிஷம் ஜெய்னை அறிமுகப்படுத்துகிறான். அவனும் மன்னிப்பு கேட்கத்தான் வந்திருக்கிறான். ஃப்ரே வீட்டார் ஏற்கெனவே படையை விட்டுப் போய்விட்டார்கள். தாயும் மகனும் ஒருவர் தப்பை ஒருவர் பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லாமல் நிற்கிற அந்த இடம், இந்தத் தொகுதி முழுக்க எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று.

தொடரில் இந்த முடிச்சு அவிழ்ந்துபோகிறது, ஏனென்றால் வரிசை மாறிவிட்டது. அங்கே கேட்லின் ஜேமியை விடுவிக்கும்போது பிள்ளைகள் செத்த செய்தி அவளுக்கு வரவே இல்லை. ராபின் படையிலேயே இருந்த கார்ஸ்டார்க் பிரபுவின் ஆட்கள் ஜேமியின் தலையைக் கேட்டு வெறியோடு நிற்கிறார்கள், அவன் செத்துவிட்டால் பெண் பிள்ளைகளை மீட்க எதுவும் இருக்காது என்று அவிழ்த்துவிடுகிறாள். அது ஒரு கணக்கு. புத்தகத்தில் அது புத்திரசோகம். அதனால்தான் தொடர் பார்த்தவர்கள் கேட்லினைத் திட்டும்போது புத்தகம் படித்தவர்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது.

இதற்காகத் தயாரிப்பாளர்கள் பெனியாஃபையும் வைஸையும் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மார்ட்டினின் புத்தகங்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மண்டைக்குள்ளிருந்து நடக்கும், பெரும்பாலும் அவர் பெயரே தலைப்பு. ராபுக்கு அப்படி ஓர் அத்தியாயம்கூட இல்லை. 1998-இல் வந்த இரண்டாவது புத்தகத்தின் பெரும்பகுதியில் அவன் கண்ணிலேயே படமாட்டான். காயம், காய்ச்சல், அந்த இரவு, கல்யாணம் எல்லாம் நம் பார்வைக்கு வெளியே நடந்து முடிந்துவிடும். 2000-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் கேட்லின் எப்படித் தெரிந்துகொள்கிறாளோ அப்படித்தான் நமக்கும் தெரியவரும். தொலைக்காட்சியில் இது நடக்காது. வடக்கின் ராஜா, மக்களுக்குப் பிடித்த நடிகர், அவரை ஒரு பருவம் முழுக்கக் காணாமல் போகச் செய்துவிட்டு ‘கல்யாணம் ஆகிவிட்டது’ என்று கொண்டுவந்து நிறுத்த முடியுமா? காட்டியாக வேண்டும் என்று வந்ததும் காதலாகக் காட்டுவதுதான் சுலபமான வழி, அதை எடுத்தார்கள். ஆனால் காதலைக் காட்டிக்கொண்டே அந்தப் பொய்ச் செய்தியையும் சேர்த்திருக்கலாம். அம்புக் காயத்தோடு படுத்திருக்கும் ஒரு பையனிடம் தம்பிகள் செத்த சேதி வருகிற காட்சியை எடுக்க என்ன செலவு? அது போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கூடவே ஜெய்னின் அம்மா சிபெல் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அவள் லானிஸ்டர் குடும்பத் தலைவர் டைவினோடு ரகசியத் தொடர்பில் இருந்தவள், மகளுக்குக் கரு தங்காமலிருக்க மருந்து கொடுத்துவந்தவள். இது நான்காவது புத்தகத்தில் ஜேமியிடம் அவளே சொல்லும் விஷயம். முதல் இரவே பொறியா, இல்லை நடந்துவிட்டதை டைவின் பயன்படுத்திக்கொண்டாரா என்று வாசகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். நடந்ததைப் பிடித்துக்கொண்டார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டைவின் மனிதர்களின் பலவீனத்தை அறிந்த ஆள்தான், அதற்காக அம்பு எங்கே தைக்கும் என்பதுவரை திட்டம் போட முடியாது.

ராபின் தங்கை சான்சா விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் படித்த சிலர் அவளை ஏன் அப்படி வெறுக்கிறார்கள் என்று தொடர் மட்டும் பார்த்தவர்களுக்குப் புரியாது. முதல் புத்தகத்தில், அப்பா தங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகிறார் என்பதை ராணி செர்சியிடம் போய்ச் சொல்வது சான்சாதான். தொடர் அதை நீக்கிவிட்டது. அவளுக்கு அப்போது வயது 11. இளவரசனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறோம் என்ற கனவில் இருக்கிற குழந்தை, ராணி நல்லவள் என்று நம்பிச் சொல்கிறது. நெட் தானாகவே செர்சியைத் தோட்டத்துக்கு வரவழைத்து ‘எனக்கு எல்லாம் தெரியும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போ’ என்று சொல்லியிருக்கும்போது, பழியைப் 11 வயதுப் பெண்ணின் தலையில் போடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்கவே முடியாது.

சரி, ஸ்டானிஸ். 2015-இல் ஐந்தாம் பருவத்தில் அவன் தன் மகள் ஷிரீனை உயிரோடு எரிக்கச் சம்மதித்த காட்சிக்குப் பிறகு கிளம்பிய கோபம் இன்னும் அடங்கவில்லை. ‘புத்தகத்து ஸ்டானிஸ் இதைச் செய்யவே மாட்டான்’ என்பது ஒரு கட்சி. ‘இது மார்ட்டினே சொன்னது’ என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது: ஷிரீனின் முடிவு மார்ட்டினிடமிருந்தே தெரியவந்தது என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ‘நடக்குமா’ என்று வாதாடுவதில் பெரிய பயனில்லை. எதற்காக, யார் கையால், எதைத் தடுக்க என்பதுதான் பேச வேண்டியது.

புத்தகத்து நிலவரம் இது. ஐந்தாவது புத்தகத்தின் முடிவில் ஸ்டானிஸ் வின்டர்ஃபெல்லுக்குப் போகிற வழியில் ஒரு குக்கிராமத்தில் பனியில் புதைந்து கிடக்கிறான். ஷிரீனும் அவள் அம்மாவும் நெருப்புக் கடவுளின் பூசாரி மெலிசாண்ட்ரேயும் வெகு தொலைவில், வடக்கு எல்லையிலுள்ள பெருஞ்சுவரின் காசில் பிளாக் கோட்டையில். பனி நிற்க யாரையாவது நெருப்புக்குக் கொடு என்று ராணியின் ஆட்கள் நச்சரிக்கிறார்கள். என் படையில் பாதிப் பேர் உன் சாமியை நம்பாதவர்கள், எரிப்பதெல்லாம் கிடையாது, இன்னும் நன்றாக வேண்டிக்கொள் என்று வெட்டிவிடுகிறான். பிறகு செத்தவர்களின் உடலைத் தின்ற நான்கு பேரை எரிக்கிறார்கள், அது தண்டனை என்ற பெயரில். வெளிவராத ஆறாவது புத்தகத்திலிருந்து மார்ட்டின் முன்னதாக வெளியிட்ட ஓர் அத்தியாயத்தில், நான் செத்தேன் என்று கேள்விப்பட்டாலும் என் மகளை அரியணையில் உட்காரவைக்கப் போராடு என்று ஒரு வீரனுக்குக் கட்டளை இடுகிறான். இதே ஆள் நாலு நாள் பனிக்குப் பயந்து மகளைக் கொளுத்துவானா என்று கேட்பவர்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் அவன் கை சுத்தம் என்றும் சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது புத்தகத்தில் அண்ணன் ராபர்ட்டின் முறைதவறிப் பிறந்த மகன் எட்ரிக் ஸ்டார்ம் இருக்கிறான். கல் டிராகன்களை எழுப்ப அவனை எரிக்கலாம் என்று மெலிசாண்ட்ரே சொல்ல, ஸ்டானிஸ் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஒரு ராஜ்யத்துக்கு முன்னால் ஒரு முறைதவறிய பையனின் உயிர் என்ன பெரிது என்று கேட்கிறான். அவனுடைய ஆலோசகன் டாவோஸ் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறான்: எல்லாமே அதுதான் என்று. பிறகு அந்தப் பையனை இரவோடிரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, தலை போகும் என்று தெரிந்தே வந்து ராஜா முன்னால் நிற்கிறான். தொடரில் எட்ரிக்கின் இடத்தில் ராபர்ட்டின் இன்னொரு மகன் கெண்ட்ரியை வைத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. டாவோஸ் பக்கத்தில் இருக்கும்வரை ஸ்டானிஸ் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை என்பது இரண்டிலும் உண்மை. அதனால்தான் தொடரில் ஷிரீனை எரிப்பதற்கு முன்னால் டாவோஸைத் தூர அனுப்புகிறான். அந்த ஒரு விஷயத்தை மிகச் சரியாகச் செய்தார்கள்.

எங்கே சறுக்கினார்கள் என்றால், மறுபக்கத்தில் வைத்த எடையில். எதிரித் தரப்பின் ராம்ஸி இருபது ஆட்களோடு வந்து உணவு மூட்டைகளைக் கொளுத்திவிட்டுப் போகிறான், பனி கொட்டுகிறது, படை பட்டினி. இதற்காக மகளா? அதே பருவத்தில் சில பகுதிகளுக்கு முன்னால்தான், உன்னைக் காப்பாற்ற எத்தனை வைத்தியர்களை வரவழைத்தேன் தெரியுமா, நீ என் மகள் என்று அவளிடம் அவன் சொல்கிற காட்சியை வைத்தார்கள். புத்தகத்தில் இல்லாத காட்சி, தொடரின் மிக அழகான காட்சிகளில் ஒன்று. அதைப் பார்த்தவனை ஒரு மூட்டை தானியத்துக்காக இவன் மகளை எரிப்பான் என்று நம்பச் சொன்னால் எப்படி நம்புவான்? உலகமே இருட்டில் மூழ்கப்போகிறது, இவள் ஒருத்தியைக் கொடுத்தால் நிற்கும் என்று ஸ்டானிஸ் உண்மையிலேயே நம்புகிற நிலைமையில் அது நடந்திருந்தால் பார்த்தவர்கள் அழுதிருப்பார்கள், அவனை வெறுத்துமிருப்பார்கள், ஆனால் ‘இது அவனே இல்லை’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மார்ட்டின் அப்படித்தான் கொண்டுபோவார் என்பது என் ஊகம்.

டெனேரிஸ். இங்கேதான் ரகளை அதிகம். 2019 மே மாதத்தில், மணி அடித்து நகரம் சரணடைந்த பிறகும் அவள் டிராகன்மேல் உட்கார்ந்து தலைநகரத்தைத் தெருத்தெருவாக எரித்தாள். கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம் ‘திடீரென்று பைத்தியமாக்கிவிட்டார்கள்’, இன்னொரு பக்கம் ‘முதலிலிருந்தே இருந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை’.

முதலிலிருந்தே இருந்தது என்பது உண்மை. மீரீன் நகரத்துக்குப் போகும் வழியில் அடிமை முதலாளிகள் 163 குழந்தைகளை மைல்கல்லுக்கு ஒன்றாக அறைந்து தொங்கவிட்டதற்குப் பதிலாக, அவள் 163 முதலாளிகளை அறைகிறாள். புத்தகத்தில் இன்னும் கடுமையான இடங்கள் உண்டு. ஆனால் அந்த எல்லா இடங்களிலும் இன்னொரு பக்கமும் இருந்தது, அடிமைகளுக்கு நியாயம் என்ற பக்கம். மணி அடித்த பிறகு எரித்ததில் அந்த இன்னொரு பக்கம் எங்கே? நெருங்கிய துணைவர்களில் ஜோரா செத்தான், மிசாண்டேயின் தலை போனது, ஒரு டிராகன் போனது, ஜான் விலகினான். இவையெல்லாம் அவள் ஏன் உடைந்தாள் என்பதைச் சொல்கின்றன. எதற்காக எரித்தாள் என்பதைச் சொல்லவில்லை.

புத்தகம் இதை எப்படித் தயார் செய்கிறது என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். 2011-இல் வந்த ஐந்தாவது புத்தகத்தின் தொடக்கத்தில் ஓர் ஏழைத் தகப்பன் அவள் சபைக்கு வந்து ஒரு சாக்கைக் கவிழ்க்கிறான். கருகிய எலும்புகள். அவளுடைய மூன்று டிராகன்களில் ஒன்றான ட்ரோகன் அவன் மகளைக் கொன்றுவிட்டது. குழந்தையின் பெயர் ஹசியா, வயது 4. ஆட்டு எலும்பாக இருக்கும் என்று அமைச்சர் சொல்லிப் பார்க்கிறார். டெனேரிஸுக்குத் தெரியும். கையில் அகப்பட்ட மற்ற இரண்டு டிராகன்களையும் குழிக்குள் சங்கிலியால் பூட்டுகிறாள், ட்ரோகன் மட்டும் தப்பிவிடுகிறது. என் பிள்ளைகள் என்று அவள் சொல்வது டிராகன்களையும்தான், அவளை அம்மா என்று கூப்பிடும் மக்களையும்தான். இந்த இரண்டில் ஒன்றைப் பூட்டினால்தான் இன்னொன்று பிழைக்கும். புத்தகம் முழுக்க அந்தக் குழந்தையின் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் புல்வெளியில் ட்ரோகனோடு தனியாக, பசியிலும் காய்ச்சலிலும் அலைகிறபோது, அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் என்ன ஆகப்போகிறாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டுமா? யாரையும் எரிக்காமலேயே மார்ட்டின் அதைச் சொல்லிவிட்டார். தொடரிலும் அந்தத் தகப்பன் வருகிறான், எலும்புகளைக் கொண்டுவருகிறான், அவள் டிராகன்களைப் பூட்டுகிறாள், நன்றாகவே எடுத்தார்கள். ஆனால் அந்தக் குழந்தை அதற்குப் பிறகு அவள் நினைப்பில் வருவதே இல்லை. பத்துப் பகுதிகளாக இருந்த பருவம் கடைசியில் ஏழு, ஆறு என்று சுருங்கியபோது இந்த மாதிரி மெல்ல நடக்கிற வேலைக்கு இடமே இல்லாமல் போனது. ஆக, போய்ச் சேர்ந்த ஊர் சரி, போன வழிதான் கண்ணில் படவில்லை என்பது என் கருத்து.

ஜேமி பற்றியும் கேட்பீர்கள். நான்காவது புத்தகத்தின் இறுதியில், என்னைக் காப்பாற்று, இப்போதே வா என்று அவனுடைய இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சி எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இதை நெருப்பில் போடு என்று கொடுத்துவிடுகிறான். தொடரில் கடைசிவரை போய், பிரியனை அழவைத்துவிட்டுத் திரும்பி ஓடி, செர்சியோடு சேர்ந்து இடிபாட்டில் சாகிறான். பழைய போதைக்குத் திரும்பிப் போகிற மனிதர்கள் உண்டு, அதனால் அதை முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தை எரித்த ஜேமியைப் பல வருஷம் மனசில் வைத்திருந்தவர்களுக்கு அது துரோகமாகத்தான் பட்டது, எனக்கும் பட்டது.

கடைசியாக ஒன்று, இது இந்தச் சண்டை எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காட்டும். இதே உலகின் முந்தைய காலத்தைச் சொல்லும் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரின் இரண்டாம் பருவம், 2024 ஜூன். புத்தகத்தில் ராணி ஹெலேனாவுக்கு இரட்டைக் குழந்தைகளோடு மேலார் என்று இரண்டு வயது மகனும் உண்டு. கொலைகாரர்கள் வந்து, எந்த மகனைக் கொல்லட்டும், நீயே சொல் என்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்று கெஞ்சுகிறாள். கேட்கவில்லை. கடைசியில் சின்னவனைச் சொல்கிறாள். உன் அம்மா உன்னைச் சாகச் சொல்கிறாள், கேட்டாயா என்று அந்தக் குழந்தையிடம் சொல்லிவிட்டு, பெரியவனை வெட்டுகிறார்கள். அதன் பிறகு மேலாரின் முகத்தை அவளால் பார்க்கவே முடியவில்லை. தொடரில் மேலார் இல்லை. இரட்டையரில் எது ஆண் என்று கேட்கிறார்கள், அவள் காட்டுகிறாள். கொலை நடக்கிறது, பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை, உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த வருஷம் செப்டம்பரில் மார்ட்டினே மேலாரை நீக்கியதைப் பற்றித் தன் வருத்தத்தை விரிவாக எழுதினார், சின்னக் குழந்தையை வைத்துப் படமெடுப்பதில் உள்ள செலவையும் சிரமத்தையும் தயாரிப்புத் தரப்பு காரணமாகச் சொன்னதையும் குறிப்பிட்டார். பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. அவர் தொலைக்காட்சியிலேயே பல வருஷம் எழுதியவர், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் நான்கு பருவங்களிலும் பருவத்துக்கு ஒரு பகுதி எழுதிக்கொடுத்தவர். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது தெரிந்தே சொல்கிறார்.

ஸ்டானிஸும் டெனேரிஸும் ஆறாவது புத்தகம் வராமல் தீராத வழக்கு, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ராப் வழக்கு அப்படியில்லை, அவனுடைய கதை முழுக்க அச்சில் இருக்கிறது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் வேகத்தில் போய், இரண்டாவது புத்தகத்தில் கேட்லினின் கடைசி அத்தியாயத்தையும் மூன்றாவதில் அவளுடைய முதல் இரண்டு அத்தியாயங்களையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துப் படியுங்கள். நடுவில் வேறு பாத்திரங்களின் அத்தியாயங்கள் நிறைய வரும், அவற்றைப் பிறகு திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம். படித்துவிட்டும் ராப் முட்டாள்தான் என்று தோன்றினால், அந்த வாதத்தை உங்களோடு உட்கார்ந்து பேச நான் தயார்.